முதல் குழந்தை சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமா? முதலில் அந்தப் பழைய காகிதத்தைத் தேடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆயா இருக்கிறார். சாட்ஸ்வொர்த் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் இரண்டாவது தடவை உண்டாகி நாலு மாசம் ஆனபோது ஆடிக் கஞ்சிக்குக் கோயிலில் பார்த்தவர், என் வயிற்றைத் தொட்டுவிட்டு முதலில் கேட்டதே "மொதப் புள்ள கட் பண்ணி எடுத்ததா?" என்றுதான். ஆமாம் ஆயா என்றேன். "அப்ப இதுவும் கட் தான் கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி ஊற்றப் போய்விட்டார். திருநெல்வேலியிலிருந்து அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். நான் முதலில் போய்ப் பார்த்த கைனியும் (இங்கே மகப்பேறு டாக்டரை எல்லோரும் கைனி என்றுதான் சொல்கிறோம்) ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்ததும், 39 வாரத்தில் ஒரு தேதி குறித்துவிடலாம் என்று காலண்டரைத் திறந்துவிட்டார். இரண்டே நிமிஷம். ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம், பதில் மட்டும் ஒன்று. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது, ஏனென்றால் மூன்று பேரில் ஒருவர்கூட முதல் தடவை ஏன் வெட்டினார்கள், எப்படி வெட்டினார்கள் என்று கேட்கவில்லை.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதி விஷயம் தெளிவாகிவிடும். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள், ஒன்று வெட்டி, ஒன்று வெட்டாமல். இதைப் படித்துவிட்டு நீங்கள் போக வேண்டியது உங்கள் டாக்டரிடம்தான்.

சிசேரியன் ஆன பிறகு அடுத்த குழந்தையை இயல்பான வழியில் பெறுவதற்கு இங்கே வி-பேக் என்று பெயர். அதற்கு முயற்சி செய்பவர்கள் எல்லோருக்கும் அது கைகூடுவதில்லை, பாதியில் ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் உண்டு. ஒரே ஒரு சிசேரியன் ஆன 100 பேர் முயன்றால் 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. சிசேரியனுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு தடவையாவது நார்மலாகப் பெற்றிருந்தால் இது 85, 90 வரை போகும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நடக்கிற காரியத்தை "நடக்கவே நடக்காது" என்று ஊரெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்?

அந்தப் பேச்சுக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது. 1916இல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்ற மகப்பேறு மருத்துவர் "ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்றார். அவர் அதைச் சொன்னதே, அவசியமில்லாமல் முதல் சிசேரியனைச் செய்துவிடாதீர்கள் என்று மற்ற டாக்டர்களை எச்சரிக்கத்தான். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக, நெட்டுக்குத்தாக வெட்டுவார்கள். பிறகு 1920களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்ரோ கெர், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரவலாக்கினார். இன்றைக்கு நடக்கிற சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை அப்படித்தான். வெட்டு மாறிவிட்டது, வாக்கியம் மட்டும் அப்படியே ஆயாவிடம் வந்து சேர்ந்துவிட்டது.

குறுக்கோ நெடுக்கோ, அதில் என்ன அவ்வளவு பெரிய வித்தியாசம் என்று கேட்டால், ஒரு சுருக்குப்பையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், பாட்டிமார் இடுப்பில் செருகி வைத்திருப்பார்களே அது. வாய் கீழே, வயிறு மேலே. கர்ப்பப்பையும் அப்படித்தான் இருக்கிறது. மேல்பாகம் தடித்த சதை. பிரசவ வலி என்று நாம் சொல்வது அந்தச் சதை இறுகி இறுகிக் குழந்தையைக் கீழே தள்ளுவதுதான். கீழ்ப்பாகம் கடைசி மாதங்களில் மெலிந்து விரிந்துகொடுக்கும், அங்கே இழுவை மட்டும்தான், தள்ளுகிற வேலை இல்லை. மேலே தடித்த சதையில் பழைய தையல் இருந்தால் ஒவ்வொரு வலிக்கும் அதன் மேல் நேரடியாகப் பலம் விழும். 100க்கு 4 முதல் 9 பேருக்கு அது பிரியலாம் என்பதால் அப்படிப்பட்டவர்களை வலி வரும்வரை காத்திருக்க விடவே மாட்டார்கள். கீழே குறுக்காகப் போட்ட ஒரு தையல் என்றால் பிரிகிற வாய்ப்பு ஏறத்தாழ 200க்கு ஒன்று.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறோம். அடிவயிற்றில் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. வெளியே தோலில் அழகாகக் குறுக்கே கோடு இருக்கும், உள்ளே கர்ப்பப்பையில் நெட்டாக வெட்டியிருக்கலாம். குழந்தை மிகவும் குறைமாசமாக இருந்தாலோ, குறுக்கே கிடந்தாலோ, கீழ்ப்பகுதியில் பெரிய கட்டி இருந்தாலோ சில சமயம் அப்படிச் செய்ய வேண்டி வரும். ஆக, அதைச் சொல்லக்கூடியது ஆபரேஷன் குறிப்பு ஒன்றுதான்.

எனக்கு அந்தக் குறிப்பு இருந்தது திருநெல்வேலியில், அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். டர்பனுக்கு வரும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக எடுத்து வந்தவள், என்னுடைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறந்துவிட்டேன். அம்மா மூன்று நாள் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் படத்தில் அவள் கட்டைவிரல்தான் பாதி. இரண்டாவது படத்தில் ஆஸ்பத்திரியின் பெயரும் என் பெயரும், வேறொன்றும் இல்லை. மூன்றாவது படத்தில்தான் நீல மை கொஞ்சம் ஊறிப்போன அந்த வரி வந்தது. எல்.எஸ்.சி.எஸ் என்று நாலு எழுத்து, பக்கத்தில் 'பிரீச்' என்று ஒரு சொல். எல்.எஸ்.சி.எஸ் என்றால் கீழ்ப்பகுதியில் வெட்டியது. பிரீச் என்றால் தலை கீழே திரும்பாமல் குழந்தையின் பின்புறம் கீழே இருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இரண்டாவதாக ஒரு கைனியைப் பார்க்கப் போனேன். அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்துவிட்டு, கீறல் மேலே எங்காவது கிழிந்து போனதாக எழுதியிருக்கிறதா, ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சலோ சீழோ இருந்ததா என்றெல்லாம் கேட்டார். சரி, இவரோடு பேசலாம் என்று அப்போதே தோன்றிவிட்டது.

ஊரில் முதல் பிரசவம் ஆகி, டர்பன், ஜோஹன்னஸ்பர்க், கேப்டவுன் என்று வந்திருக்கிற நம் பெண்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: அடுத்த குழந்தை பற்றிய நினைப்பே இல்லாவிட்டாலும் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் பல ஆஸ்பத்திரிகளில் கிடைக்காது.

அடுத்தது, ஏன் வெட்டினார்கள் என்ற கேள்வி. குழந்தை தலை திரும்பாதது, நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளசென்டா) கீழே வந்து வழியை மறித்தது, குழந்தையின் நாடித்துடிப்பு குறைந்தது, இவையெல்லாம் அந்த ஒரு பிரசவத்தின் காரணங்கள், அடுத்த தடவையும் அப்படியே நடக்க வேண்டும் என்றில்லை. என்னைப் போலக் குழந்தை கிடந்த நிலைக்காக வெட்டியவர்களில் 84 சதவீதம் பேருக்கு வி-பேக் கைகூடுகிறது. நாடித்துடிப்புக்காக என்றால் 73. வலி எடுத்து மணிக்கணக்கில் முக்கியும் இறங்கவில்லை என்று வெட்டியிருந்தால் 64. அதுவும் பாதிக்கு மேல்தான், கவனித்தீர்களா? "உனக்கு இடுப்பு சின்னது" என்று ஒரு தடவை சொல்லப்பட்ட பெண் அதை ஆயுசுக்கும் சுமந்துகொண்டே திரிகிறாள். ஆனால் குழந்தை தலையை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தது என்பதும் அதில் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

வாய்ப்பைக் குறைக்கிற விஷயங்களும் இருக்கின்றன. உடல் எடை அதிகம், குழந்தை நாலு கிலோவைத் தாண்டுவது, வலியைத் தானாக வர விடாமல் மருந்து கொடுத்து வரவைப்பது. இரண்டு பிரசவங்களுக்கும் நடுவில் ஒன்றரை வருஷம்கூட இல்லை என்றால் தையல் பிரிகிற ஆபத்தும் கூடுகிறது. நம்மவர்களிடம் சர்க்கரை அதிகம், டர்பன் இந்தியக் குடும்பங்களில் கேட்கவே வேண்டாம், கர்ப்பச் சர்க்கரை வந்தால் குழந்தை பெருக்கும். பன்னியும் பிரியாணியும் எங்கும் போய்விடாது, ஒன்பது மாசம் பொறுக்கலாம். (பன்னி சௌ தெரியாதவர்களுக்கு: ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறிக்குழம்பு ஊற்றித் தருவது. டர்பனில் வாழ்ந்துவிட்டு அதை விடுவது பெரிய தவம்தான்.)

இப்போது பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். 200க்கு ஒன்று என்பது சின்ன எண்தான், ஆனால் அந்த ஒன்று நடந்தால் லேசில் போகாது. தையல் பிரிந்தால் உள்ளே ரத்தம் கொட்டும், குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் நின்றுபோகும், நிமிஷங்களில் வயிற்றைத் திறந்தாக வேண்டும், சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்க நேரும். வி-பேக் முயற்சியில் 10,000 குழந்தைகளில் 8 பேருக்கு ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்படலாம், 4 குழந்தைகள் இறந்துபோகலாம். முதல் குழந்தையை நார்மலாகப் பெறுகிற பெண்ணுக்கும் குழந்தை இறக்கிற ஆபத்து கிட்டத்தட்ட இதே அளவுதான். இரண்டையும் சேர்த்துத்தான் மனசில் வைக்க வேண்டும்.

அப்படியென்றால் பேசாமல் மறுபடியும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமே? செய்துகொள்ளலாம், அதில் எந்தத் தப்பும் இல்லை. தேதி குறித்துச் செய்கிற சிசேரியனில் தையல் பிரிகிற ஆபத்து ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அதற்கும் விலை உண்டு, அந்த விலை உடனே தெரியாது, அடுத்தடுத்த கர்ப்பத்தில்தான் தெரியும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தழும்பு. அந்தத் தழும்பின் மேல் நஞ்சு வேர்விட்டு ஒட்டிக்கொண்டால் பிரசவத்தில் பிரியாது, ரத்தப்போக்கை நிறுத்துவது பெரும்பாடு. நஞ்சு கீழே வந்து உட்கார்ந்திருக்கிற பெண்களை எடுத்துக்கொண்டால், முதல் சிசேரியன் செய்யும்போது இப்படி ஒட்டிப்போயிருப்பது 100க்கு 3 பேருக்கு, இரண்டாவது சிசேரியனில் 11, மூன்றாவதில் 40. அதனால், இந்தக் குழந்தையோடு போதும் என்று இருப்பவளும் நாலு பிள்ளை வேண்டும் என்று இருப்பவளும் ஒரே முடிவை எடுக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு சிசேரியன் ஆனவர்கள்? பிரிட்டன், அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் இதை அடியோடு மறுப்பதில்லை, அனுபவமுள்ள டாக்டரோடு பேசி, தகுந்த ஆஸ்பத்திரியில் முயலலாம் என்கின்றன. வெற்றி 71 சதவீதம் வரை, தையல் பிரிவது 100க்கு ஒன்றுக்குச் சற்று மேல், அதாவது ஒரு தையலைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதல். தென்னாப்பிரிக்க அரசு ஆஸ்பத்திரிகளில் இரண்டு தழும்பு என்றால் பொதுவாக 39 வாரத்தில் சிசேரியன்தான். மூன்று ஆகிவிட்டவர்களுக்குச் சொல்வதற்குப் போதுமான ஆதாரமே கையில் இல்லை என்பதால் பெரும்பாலான டாக்டர்கள் மறுத்துவிடுவார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

இங்கே எங்கே பெறுவது என்பது தனிக்கதை. 1994இல் மண்டேலா ஆட்சிக்கு வந்ததும் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்று அறிவித்தார். அரசுப் பக்கம் போனால் முதலில் கிளினிக்கில் சிஸ்டர்தான் பார்ப்பார். முன்பு சிசேரியன் என்றதும் உங்களைச் சிறிய பிரசவ நிலையத்தில் வைத்துக்கொள்ளாமல் ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அலைச்சல்தான், ஆனால் சரியான காரியம். தனியார் பக்கம் நிலைமை வேறு. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்களின் பிரசவங்களில் 70 சதவீதத்துக்கு மேல் சிசேரியன். இதைப் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. தனியாக கிளினிக் நடத்துகிற கைனி இரவெல்லாம் பிரசவ வார்டில் உட்கார்ந்திருந்தால் மறுநாள் காலை நோயாளிகளை யார் பார்ப்பது? வழக்குப் பயத்தில் அவர்கள் கட்டுகிற காப்பீட்டுத் தொகையும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அது அவருடைய காரணம், உங்கள் கர்ப்பப்பையின் காரணம் இல்லை. இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்: "டாக்டர், என் தையலுக்காகச் சொல்கிறீர்களா, இல்லை இந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி மயக்க மருந்து டாக்டர் இருக்க மாட்டார் என்பதற்காகவா?" இரண்டாவதுதான் என்றால் அதுவும் நியாயமான பதில், நீங்கள் வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம்.

நம் வீடுகளில் இன்னொரு அழுத்தம் உண்டு, அது டாக்டரிடமிருந்து வராது. எப்படியும் ஆபரேஷன்தானே, நல்ல நேரம் பார்த்து எடுத்துவிடலாமே என்பார்கள். எங்கள் ஊர் ஜோசியர் என் மாமியாருக்கு ஒரு முகூர்த்தமே எழுதி அனுப்பிவிட்டார். டர்பனுக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அது இந்திய நேரமா இந்த ஊர் நேரமா என்று வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் என் மகள் அந்த முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னதாகவே கிளம்பி வந்துவிட்டாள்.

ஜனவரி மாசம், டர்பன் புழுக்கம், ராத்திரி பதினொன்றுக்கு வலி. வி-பேக் என்றால் வீட்டிலேயே காத்திருந்து கடைசியில் கிளம்புகிற வேலை ஆகாது, உடனே போய்விட வேண்டும். போனதும் கையில் ஊசி ஏற்றி வழி வைத்துவிட்டார்கள், அவசரம் வந்தால் நரம்பு தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்று. வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டை, ஒன்று குழந்தையின் இதயத் துடிப்புக்கு, இன்னொன்று என் வலிக்கு. நான் புரளும்போதெல்லாம் பட்டை நழுவும், டக் டக் சத்தம் நின்றுவிடும், என் உயிரும் நின்றுவிடும். சிஸ்டர் வந்து பட்டையைத் தள்ளி வைத்ததும் மறுபடி குதிரை ஓடுகிற மாதிரி சத்தம். தொல்லையான பட்டைதான், ஆனால் தையல் பிரிவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் குழந்தையின் துடிப்பில் வரும் மாற்றம்தான், அதனால் அதைக் கழற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் வலி அடங்காமல் பழைய தழும்பு இடத்தில் குத்திக்கொண்டே இருப்பது, ரத்தம் போவது, ஓடிக்கொண்டிருந்த வலி திடீரென்று நின்றுபோவது, தோள்பட்டையில் விளங்காத வலி, இதில் எது வந்தாலும் கூச்சப்படாமல் கத்துங்கள். முதுகில் போடுகிற எபிடியூரல் ஊசி வி-பேக்குக்கு ஆகாது என்று சொல்வார்கள், அப்படியில்லை, போட்டுக்கொள்ளலாம்.

வலி வர வைக்கிற மருந்தில் மட்டும் கவனம் வேண்டும். செயற்கையாக வலியைத் தூண்டினால் தையல் பிரிகிற ஆபத்து இரண்டு மூன்று மடங்கு ஏறும். மிசோபிரோஸ்டால் மாத்திரை, தழும்புள்ள கர்ப்பப்பைக்குக் கடைசி மாசத்தில் ஆகவே ஆகாது. ஊரிலிருந்து யாராவது விளக்கெண்ணெய், கஷாயம் என்று கொடுத்தனுப்பினால் வாங்கி அலமாரியில் வையுங்கள்.

எனக்குக் காலை ஒன்பதே முக்காலுக்குப் பிறந்தது. என் நாத்தனாருக்கு அப்படி அமையவில்லை. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் இருக்கிறாள், என்னைவிடத் திடமானவள், அதே மாதிரி காகிதமெல்லாம் சரியாக வைத்திருந்தாள், பதினாலு மணி நேரம் வலி தாங்கி, எட்டு சென்டிமீட்டரோடு கர்ப்பப்பை வாய் திறப்பது நின்றுபோய், குழந்தையின் துடிப்பும் இறங்கி, தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. தேதி குறித்துச் செய்கிற சிசேரியனைவிட வலிக்கு நடுவில் செய்கிற சிசேரியனில் ரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் அதிகம், அவளுக்கும் ஒரு வாரம் காய்ச்சல் விடவில்லை. முயன்று பார்ப்பதில் இருக்கிற இன்னொரு நஷ்டம் இது, நாலில் ஒருத்திக்கு இதுதான் நடக்கும். குழந்தையைப் பார்க்க வந்த சொந்தக்காரப் பெரியம்மா ஒருவர், "அவ பெத்துட்டாளே, உனக்கென்னம்மா?" என்று என்னைக் காட்டிக் கேட்டுவிட்டார். நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் போன பிறகு தன் டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்து, நாலு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள், "உன் போன்லயும் இருக்கட்டும் அண்ணி" என்று.